முதல் போன் கரஸ்பாண்டென்ட்டுக்கா, ஆஸ்பத்திரிக்கா?

கொஞ்சம் நீளமான இழை. பள்ளிக்கோ காலேஜுக்கோ போகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் நேரம் ஒதுக்கி முழுசா படிங்க. ஹெச்.எம், வார்டன், வகுப்பாசிரியர் யாராவது படித்தால் ரொம்ப நல்லது. பாதிக்கு மேல் உங்களுக்காகத்தான் எழுதுறேன்.

நான் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற டூட்டி டாக்டர். சட்ட நிபுணர் இல்லை, மனநல நிபுணரும் இல்லை. ஆனால் மாணவர்களுக்குள் பாலியல் வன்முறை நடந்துவிட்டால், அந்தப் பிள்ளை கடைசியில் வந்து நிற்கிற இடம் எங்கள் கேஷுவாலிட்டிதான். பல நேரம் ரொம்ப லேட்டா வந்து நிற்கிறார்கள். ஏன் லேட்டாகிறது என்பதைப் பற்றித்தான் இந்த இழை.

ஒரு பையனைப் பற்றி சொல்றேன். யாரென்று தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கேன்.

எட்டாம் வகுப்பு. தனியார் பள்ளி ஹாஸ்டல். ஒரு சாயங்காலம் அவங்க அப்பா கூட்டிட்டு வந்தார். "மூணு நாளா மோஷன் போகலை சார், வயிறு வலின்னு சுருண்டு படுத்துக்கிறான், ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலைன்னு நினைக்கிறேன்" என்றார். பையன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வயிற்றைத் தொட்டால் உடம்பு முழுக்க விறைத்துக்கொள்கிறது. எங்க சிஸ்டர் அனுபவசாலி. "அப்பா, கீழே போய் சீட்டு பதிஞ்சுட்டு வந்துடுங்க" என்று அவரை அனுப்பிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாங்க.

மோஷன் வராமல் இல்லை. வலிக்கு பயந்து அடக்கி வைத்திருக்கிறான். அதைக் கேட்டதும் மெதுவாக மற்றதும் வந்தது. ஹாஸ்டலில் ப்ளஸ் ஒன் அண்ணன்கள் இரண்டு பேர். நடந்து பதினோரு நாள் ஆகிவிட்டது.

நீங்க நினைப்பீங்க, பையன் பயந்து சொல்லாமல் மறைச்சிருப்பான்னு. நானும் அப்படித்தான் நினைச்சேன். இல்லைங்க. அவன் மறுநாள் காலையிலேயே வார்டன்கிட்ட சொல்லிட்டான். பதிமூணு வயசுப் பையன் என்ன செய்யணுமோ அதைச் சரியா செஞ்சுட்டான். அதற்குப் பிறகு பெரியவர்கள் செய்ததைத்தான் பார்க்கணும்.

வார்டன் முதலில் "போய் குளிச்சிட்டு, டிரெஸ், பெட்ஷீட்டெல்லாம் துவைச்சுப் போடு" என்றிருக்கிறார். பிறகு பி.டி. சார் கூப்பிட்டு விசாரித்தார். பிறகு ஹெச்.எம். பிறகு கரஸ்பாண்டென்ட் ரூமில், அந்த இரண்டு அண்ணன்களையும் எதிரில் நிற்க வைத்து "இவங்க முன்னாடி சொல்லு" என்று ஒரு தடவை. அந்த இரண்டு பேரும் "இனிமேல் செய்ய மாட்டோம்" என்று லெட்டர் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று பேரையும் கை குலுக்கச் சொன்னார்கள். அன்று ராத்திரி மூன்று பேரும் அதே ஹாலில் தூங்கினார்கள்.

பத்தாவது நாள் அப்பாவுக்கு போன். "பசங்களுக்குள்ள சின்ன ராகிங் பிரச்சினை, பேசி முடிச்சாச்சு. உங்க பையன்தான் அட்ஜஸ்ட் ஆக மாட்டேங்கிறான், சரியா சாப்பிடறதில்லை, டிசி வாங்கிட்டுப் போயிடுங்க."

டிசி யாருக்குக் கொடுத்திருக்காங்கன்னு கவனிச்சீங்களா?

அந்தப் பதினோரு நாளில் போனது என்ன என்று ஒரு டாக்டராகச் சொல்றேன். இதை தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்க.

பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு ஹெச்ஐவி தொற்றாமல் தடுக்க மாத்திரை இருக்கு. 28 நாள் சாப்பிடணும். ஆனால் சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் அந்த மாத்திரையால் பயனில்லை. அரசு மருத்துவமனையில் இது இலவசம். பெண் பிள்ளையாக இருந்தால் கருத்தடை அவசர மாத்திரை. அதுவும் முதல் 72 மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, மற்ற பால்வினைத் தொற்றுகளுக்கான மருந்து, இதெல்லாம் அந்த முதல் விசிட்டிலேயே கொடுத்துவிடலாம்.

அடுத்தது தடயம். மத்திய சுகாதார அமைச்சகம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி உடலிலிருந்து தடயங்களை 96 மணி நேரம் வரை, அதாவது 4 நாள் வரை எடுக்கலாம். குளித்துவிட்டால், துணி துவைத்துவிட்டால் பாதி போச்சு. அதற்காக "குளிச்சிட்டான், இனிமே போய் என்ன பிரயோஜனம்" என்று விட்டுவிடாதீங்க, அப்பவும் வரணும். ஆனால் பதினோரு நாள் கழித்து வந்த பையனின் உடம்பில் எனக்கு எழுத என்ன மிச்சம் இருந்தது? ஆறிக்கொண்டிருந்த ஒரு வெடிப்பு. அவ்வளவுதான். பெட்ஷீட் துவைத்தாச்சு. ஹெச்ஐவி மாத்திரைக்கான நேரம் எட்டு நாள் முன்னாடியே முடிஞ்சாச்சு.

அந்த அப்பாவிடம் நான் சொல்ல வேண்டி வந்தது இதுதான்: "இப்போ தடுக்க மருந்து கொடுக்க முடியாதுங்க. டெஸ்ட் மட்டும்தான் எடுக்க முடியும். இன்னைக்கு ஒண்ணு, 6 வாரத்துல ஒண்ணு, 3 மாசத்துல ஒண்ணு, 6 மாசத்துல ஒண்ணு." அவர் லாரி டிரைவர். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அதுவரைக்கும் தெரியாதா சார்?" என்றார். பள்ளிக்கூடம் நாலு ரூமில் விசாரணை நடத்திய நேரத்துக்கு இந்த மனுஷன் ஆறு மாசம் கட்டினார்.

நம் பள்ளிகளில் இந்த "விசாரணை" என்கிற வியாதி பெரிய வியாதி. பேனா காணாமல் போனால் எப்படி விசாரிக்கிறோமோ அதே மாதிரி இதையும் விசாரிக்கிறோம். "முதல்ல உண்மையான்னு தெரிஞ்சுக்க வேண்டாமா டாக்டர்? பொய்யா இருந்தா?" என்று ஒரு ஹெச்.எம் என்னிடமே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் சட்டம் அந்த வேலையை உங்களுக்குத் தரவில்லை சார். போக்சோ சட்டம் 2012, பிரிவு 19: குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தால், ஏன், நடக்க வாய்ப்பு இருக்கிறது என்று பயம் வந்தாலே, போலீஸுக்கோ சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியாகணும். நிரூபிச்சுட்டுச் சொல்லுன்னு அதில் இல்லை. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்று அதே பிரிவில் இருக்கு. சொல்லாமல் விட்டால் பிரிவு 21-ன் கீழ் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். செய்தவர் பள்ளி ஊழியராக இருந்து, நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருடம் வரை.

2021 நவம்பரில் கோவையில் ஒரு மாணவி இறந்ததும் பள்ளி முதல்வரே கைதானது ஞாபகம் இருக்கும். அதில் குற்றம் சாட்டப்பட்டவர் ஆசிரியர். முதல்வர் மீதான புகார், தெரிந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்பதுதான்.

சரி, சட்டத்தை விடுங்க, மனசாட்சிக்கு வருவோம். அந்தப் பையன் என்னிடம் வரும்போது தனக்கு நடந்ததை ஏற்கெனவே நாலு பேரிடம் சொல்லியிருந்தான். நான் அஞ்சாவது. ஒவ்வொரு தடவையும் கேட்டவர்கள் வேற வேற மாதிரி கேட்டிருக்கிறார்கள். பி.டி. சார் "நீ ஏன் கத்தலை?" என்று கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வியை அத்தனை பேரும் கேட்கிறார்கள். பயத்தின் உச்சத்தில் உடம்பு உறைந்துபோவது நடக்கக்கூடியது. கை கால் அசையாது, குரல் வராது. பாம்பை மிதித்துவிட்டு அப்படியே நின்றுபோனவர்களை ஊரில் பார்த்திருப்பீங்க. அதுக்கு யாரும் "நீ ஏன் ஓடலை"ன்னு கேஸ் போடறதில்லை.

எதிரில் நிற்க வைத்து சொல்லச் சொல்வது அதைவிடக் கொடுமை. கோர்ட்டிலேயே குழந்தை சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் படக்கூடாது என்று போக்சோவில் இருக்கு. வாக்குமூலம் எடுக்க வருகிற போலீஸ் யூனிஃபார்மில் வரக்கூடாது, குழந்தை இருக்கும் இடத்துக்கே வரணும் என்று இருக்கு. இவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதின சட்டத்தை ஒரு கரஸ்பாண்டென்ட் ரூம் அஞ்சு நிமிஷத்தில் காலி பண்ணிடுது.

இப்போ இன்னொரு வாதத்துக்கு வரேன், இது கொஞ்சம் கஷ்டமானது. "அந்தப் பசங்களும் பிள்ளைங்கதானே டாக்டர், போலீஸுக்குப் போனா அவங்க வாழ்க்கை போயிடுமே."

இதைச் சொல்கிற ஆசிரியர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. உண்மையான இரக்கத்தில் சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்காகவே சொல்றேன். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை விசாரிப்பது சிறார் நீதிக் குழுமம். 2015 சிறார் நீதிச் சட்டப்படி 16 வயதுக்குக் கீழ் இருந்தால் பெரியவர்கள் மாதிரி விசாரிக்கவே முடியாது. அதிகபட்சமே சிறப்பு இல்லத்தில் மூன்று வருடம். கவுன்சலிங், மனநல சிகிச்சை, நடத்தை மாற்றப் பயிற்சி எல்லாம் அந்த உத்தரவிலேயே வரும். 16-லிருந்து 18-க்குள் இருந்து கொடுங்குற்றமாக இருந்தால் மட்டும் முதலில் ஒரு மதிப்பீடு செய்து, பெரியவர்களைப் போல விசாரிக்கணுமா என்று குழுமம் முடிவு செய்யும். அப்படி மாற்றப்படாத பையனுக்கு இந்தத் தீர்ப்பால் பின்னாளில் வேலைக்கோ படிப்புக்கோ தகுதிக் குறைவு வரக்கூடாது என்று பிரிவு 24 சொல்லுது. அதாவது, நீங்க கவலைப்படுகிற அந்த "வாழ்க்கை"யைப் பற்றி சட்டம் உங்களுக்கு முன்னாடியே கவலைப்பட்டு எழுதி வெச்சிருக்கு.

சாரி லெட்டர் அந்தப் பையன்களுக்கு என்ன கொடுத்தது? அவர்களில் ஒருவனுக்கே சின்ன வயசில் யாராவது இதே கொடுமையைச் செய்திருக்கலாம். செய்திருக்கணும்னு இல்லை, ஆனால் அப்படிப்பட்ட பிள்ளைகளை டாக்டர்கள் பார்க்கிறோம். யாராவது கேட்டார்களா? மனநல மருத்துவரிடம் காட்டினார்களா? லெட்டரை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, இன்னும் நாற்பது சின்னப் பசங்க தூங்குகிற அதே ஹாலுக்கு அவர்களை அனுப்பிவைத்தார்கள். இதற்குப் பெயர் மன்னிப்பு இல்லைங்க.

இடையில் ஒரு விஷயம். பதினேழு வயசுப் பையனும் பொண்ணும் விரும்பிப் பழகிய விவகாரத்தையும் போக்சோவில் போடுகிறார்களே என்று கமென்ட்டில் கேட்பீங்க. அது தனி விவாதம், நியாயமான விவாதம். சென்னை உயர் நீதிமன்றமே 2021-ல் ஒரு வழக்கில் அதைப் பற்றி வருத்தப்பட்டு எழுதியிருக்கு. ஆனால் அந்த விவாதத்தைக் காட்டி, ஹாஸ்டல் பாத்ரூமில் மிரட்டி நடந்ததை மறைக்காதீங்க. இரண்டுக்கும் வித்தியாசம் வார்டனுக்குத் தெரியும்.

ஆசிரியர்களை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நான் யோக்கியன் ஆகிவிட மாட்டேன். எங்கள் ஆட்களும் இதில் உண்டு.

மகாராஷ்டிராவில் சந்திரபூர் மாவட்டம் ராஜுராவில் ஒரு பள்ளி ஹாஸ்டலில் பழங்குடி மாணவிகள் பாலியல் கொடுமைக்கு ஆளான வழக்கு. அந்தப் பிள்ளைகளுக்கு சிகிச்சை கொடுத்த டாக்டர் விஷயம் தெரிந்தும் சொல்லவில்லை என்று எஃப்ஐஆர். உயர் நீதிமன்றம் அவர் மேல் இருந்த வழக்கை ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்து, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம், குற்றவாளியைக் காப்பாற்றுகிற வேலை என்கிற அளவுக்குப் பேசியது. ஹாஸ்டலுக்கு வாராவாரம் போய் பார்க்கிற தனியார் டாக்டர் நண்பர்கள் இதைப் படிச்சு வெச்சுக்கோங்க. மாதச் சம்பளம் கொடுப்பது கரஸ்பாண்டென்ட் என்பதற்காக கேஸ் ஷீட்டில் "வயிற்று வலி" என்று மட்டும் எழுதிவிட்டு வந்தால் நாளைக்கு உங்க பேரும் வரும்.

இன்னொன்று. "டாக்டர், நடந்துச்சா இல்லையான்னு டெஸ்ட் பண்ணி ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற ஆசிரியைகள், ஏன், அம்மாக்களே இருக்கிறார்கள். அப்படி ஒரு டெஸ்ட் கிடையாது. இரு விரல் பரிசோதனை அறிவியலும் இல்லை, மனிதத்தன்மையும் இல்லை. அதைச் செய்கிறவர் ஒழுங்கீனம் செய்தவராகக் கருதப்படுவார் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காயம் இல்லை என்றால் நடக்கவில்லை என்று அர்த்தமும் இல்லை. நிறைய பேருக்குக் காயமே இருக்காது.

இப்படி எல்லாம் எழுதும்போது ஒரு டீச்சரம்மா ஞாபகத்துக்கு வராங்க. அரசு உயர்நிலைப் பள்ளி ஹெச்.எம். ஒரு மதியம் மூணரை மணிக்கு ஷேர் ஆட்டோவில் வந்தாங்க. கூட ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு, அந்தப் பொண்ணோட பாட்டி, இன்னொரு டீச்சர். கையில் ஒரு பழைய பேப்பர் பொட்டலம். பொண்ணு முந்தின நாள் போட்டிருந்த துணி. பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஈரத்தில் பூஞ்சை பிடித்து தடயம் கெடும், பேப்பரில்தான் வைக்கணும். இது அவங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். ஏதோ ஒரு பயிற்சியில் சொன்னாங்களாம். "அன்னைக்கு பாதி பேர் தூங்கிட்டு இருந்தோம் சார், எனக்கு இது மட்டும் மனசுல நின்னுச்சு" என்றார்.

அவங்க அந்தப் பொண்ணிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "சாப்பிட்டியாம்மா?" மற்றது எதையும் கேட்கவில்லை. அவங்களுக்குத் தெரிந்தது பொண்ணு தானாகச் சொன்ன இரண்டு வரி மட்டும்தான். அதை அப்படியே, அந்தப் பொண்ணு சொன்ன வார்த்தையிலேயே, தேதி நேரம் போட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாங்க. வரும் வழியிலேயே 1098-க்குப் பேசியிருந்தாங்க.

பெண் பிள்ளையை பெண் மருத்துவர்தான் பரிசோதிக்கணும், அது சட்டம். மேடத்தைக் கூப்பிட்டோம். பரிசோதனைக்கு 12 வயதுக்கு மேல் என்றால் பிள்ளையின் சம்மதமும் கேட்கணும், கேட்டார்கள். கூட யார் இருக்கணும்னு கேட்டதுக்கு "பாட்டி" என்றாள். ஏஆர் என்ட்ரி போட்டு போலீஸுக்கு இன்டிமேஷன் அனுப்பினோம். எஃப்ஐஆர் இன்னும் போடவில்லை. அதற்காக சிகிச்சை நிற்காது. போக்சோ பிரிவு 27-ல் எஃப்ஐஆர் இல்லாமலே பரிசோதனை செய்யலாம் என்று இருக்கு. அன்று மாலை ஆறு மணிக்குள் மாத்திரை உள்ளே போய்விட்டது. சம்பவம் நடந்து 30 மணி நேரம்கூட ஆகவில்லை.

செய்தது அதே பள்ளிப் பையன். ஹெச்.எம் பள்ளிக்குத் திரும்பிப் போய் முதலில் செய்தது, வழக்கு முடியும்வரை அந்தப் பையன் இந்த வகுப்புக்கு வராதபடி மாற்று ஏற்பாடு. பொண்ணு அடுத்த வாரம் அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். பத்தாம் வகுப்புத் தேர்வையும் அங்கேயேதான் எழுதினாள். பள்ளியின் பேர் கெட்டதா என்று கேட்டால், ஒரு மாசம் டீக்கடையில் பேசினார்கள். பிறகு அட்மிஷன் எப்பவும் போல.

காலேஜுக்கு வருவோம். 18 வயது தாண்டிவிட்டால் நிலைமை வேற. போலீஸுக்குப் போவதா வேண்டாமா என்பது அந்த மாணவியின் முடிவு. எங்களிடம் வந்தால் போலீஸுக்குத் தகவல் அனுப்பும் கடமை எங்களுக்கு இருக்கு. ஆனால் "எனக்குப் புகார் கொடுக்க விருப்பம் இல்லை" என்று அவர் சொன்னால் அதையும் எழுதிக்கொண்டு சிகிச்சை கொடுக்கணும். சிகிச்சையை மறுக்க எந்த ஆஸ்பத்திரிக்கும், தனியாருக்கும் சேர்த்து, உரிமை இல்லை. இலவசமாகக் கொடுக்கணும். மறுத்தால் ஒரு வருடம் வரை சிறை. காசு கட்டு என்று சொல்லும் தனியார் ஆஸ்பத்திரிக்கு இதை எடுத்துச் சொல்லுங்க.

காலேஜுகளில் உள்ளகப் புகார்க் குழு, ஐசிசி, இருக்கணும். நோட்டீஸ் போர்டில் பேர்கள் இருக்கும், பார்த்திருப்பீங்க. யுஜிசி 2015 விதிகளில் பலருக்குத் தெரியாத ஒரு வரி இருக்கு: துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் மாதிரி நிர்வாகப் பதவியில் இருப்பவர்கள் அந்தக் குழுவில் உறுப்பினராக இருக்கக்கூடாது. ஏன்னு புரியுதா? நிர்வாகத்துக்கு பேர் முக்கியம், அதனால். மாணவர்கள் சம்பந்தப்பட்ட புகார் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்கள் குழுவில் இருக்கணும். வெளியாள் ஒருவர் இருக்கணும். புகார் கொடுக்க 3 மாதம் அவகாசம், விசாரணை 90 நாளில் முடியணும். ஆண் மாணவர்களும் திருநர் மாணவர்களும் புகார் கொடுக்கலாம். உங்கள் காலேஜ் போர்டில் ஹெச்.ஓ.டி பேர் இருந்தால் நீங்களே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க.

ஆனால் ஒன்று: ஐசிசி என்பது போலீஸுக்கு மாற்று இல்லை. பாலியல் வன்கொடுமை நடந்திருந்தால் "முதல்ல ஐசிசி முடியட்டும்" என்று யாராவது சொன்னால் அது 90 நாள் தள்ளிப்போடும் வேலை. விரும்பினால் போலீஸ் புகாருக்கு ஐசிசியே உதவணும் என்று அதே விதிகளில் இருக்கு.

மாணவிகள் ஏன் பயப்படுகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தது. செய்தவன் மாணவன் இல்லை, வெளியாள். ஆனால் அந்த மாணவி துணிந்து புகார் கொடுத்த பிறகு எஃப்ஐஆரே வெளியே வந்து, பேர் விவரமெல்லாம் போனிலிருந்து போனுக்குப் பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் கொடுக்கச் சொன்னது. அதை ஃபார்வர்ட் செய்தவர்களில் நம் காலேஜ் குரூப்பில் இருந்தவர்களும் உண்டு. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது குற்றம். "யாருன்னு தெரியுமா" என்று குரூப்பில் கேட்பதைக்கூட நிறுத்துங்க.

பெற்றோருக்கு. பிள்ளை ஏதாவது சொன்னால் முதல் வார்த்தையாக "ஏன் அங்கே போனே" என்று கேட்காதீங்க. பள்ளியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். போட்டிருந்த துணியைத் துவைக்காமல் பேப்பரில் சுற்றி எடுத்துக்கிட்டு நேரா அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டிக்கு வாங்க. ராத்திரி ரெண்டு மணியானாலும் டாக்டர் இருப்போம். 18 வயதுக்குக் கீழ் என்றால் 1098. பெண்களுக்கு 181. பள்ளி சம்பந்தமாக 14417. சொந்தக்காரங்க "பொண்ணு பேரு கெட்டுடும், பேசி முடிச்சுக்கலாம்" என்று வருவாங்க. வருவாங்கன்னு இப்பவே தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

ஹெச்.எம், வார்டன் எல்லாருக்கும். பிள்ளை வந்து சொன்னால் பெரியவர் ஒருவர் கூடவே இருங்க. சொன்ன வார்த்தையில் எழுதி வையுங்க. துருவாதீங்க. அன்றைக்கே போன், அன்றைக்கே ஆஸ்பத்திரி. சம்பந்தப்பட்ட இரு தரப்பையும் அன்றைக்கே பிரியுங்க. யாராவது ஒருத்தர் வகுப்பு மாறணும், ஹாஸ்டல் மாறணும் என்றால் அது சொன்ன பிள்ளையாக இருக்கக்கூடாது.

அந்தப் பையனுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. போலீஸுக்குத் தகவல் கொடுத்தோம், வழக்குப் பதிவாகி நடந்துகிட்டு இருக்கு. நம்பிக்கை மையத்தில் மூன்று டெஸ்ட் முடிந்தது, மூன்றும் நெகட்டிவ். நாலாவது அடுத்த மாசம். இப்போ ஊரிலேயே அரசுப் பள்ளியில் படிக்கிறான், சைக்கிளில் போய் வரான். போன தடவை ரிசல்ட் வாங்க வந்தப்போ அவங்க அப்பா போனை எடுத்து ஒரு மெசேஜ் காட்டினார். பழைய பள்ளியிலிருந்து வந்தது. ஹாஸ்டல் ஃபீஸ் மூன்றாவது தவணை பாக்கி இருக்காம், உடனே கட்டணுமாம்.